அமாவாசைக்குச் சாத்திய கதவு

என் மாமியார் எனக்கு ஏதோ வைக்கிறார் என்ற சந்தேகம் சீப்பில் ஆரம்பித்தது.

தலை வாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி, ஜன்னலோரம் ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஒரு நாள் டப்பா காலியாக இருந்தது. காற்று என்று நினைத்தேன். மூடி போட்ட டப்பாவுக்குள் என்ன காற்று? அடுத்த வாரமும் அதே கதைதான். நான் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வரும்போது, எங்கள் அறையிலிருந்து மாமியார் மங்கையர்க்கரசி வெளியே வந்துகொண்டிருந்தார். முந்தானை நுனியில் எதையோ முடிந்துகொண்டே வந்தார்.

"இன்னா அத்த, எதனா வேணுமா?"

"ஒண்ணுமில்லமா. பல்லி சத்தம் கேட்டுது, பாக்க வந்தேன்."

பல்லியை யாராவது முந்தானையில் முடிந்துகொண்டு போவார்களா?

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். செய்வினை, சூனியம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம். ஆனால் சொந்தத் தலைமுடி டப்பாவிலிருந்து காணாமல் போகும்போது, படித்த படிப்பெல்லாம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பெயர் தேவிப்ரியா. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமமான தாமல்காரி. அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம், ஒரு டிராக்டர், கொஞ்சம் கட்சிப் பழக்கம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற உதயகுமாரை நானாகத்தான் தேடிக் கட்டிக்கொண்டேன். இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு வழியாக இறங்கி வந்தார்கள். "எங்க புள்ளைய மயக்கிட்டா" என்று கல்யாணப் பந்தலிலேயே அவர்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

இந்த வீட்டில் நுழைந்தால் கூடம், கூடம் நிறையத் தறி. உதயன் தறிக்குக் கீழே உள்ள குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பான். அவன் பக்கத்தில் அத்தை உட்கார்ந்து, சேலைக் கரைக்குரிய நூல் ஓடும் கட்டையை, நாடா என்பார்கள், தள்ளிக் கொடுப்பார். மாமனார் போன பிறகு அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துதான் இப்படி நெய்கிறார்கள். நான் வந்த புதிதில் இருவரும் ஊர்க்கதை பேசிப் பேசி நெய்வதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

டப்பாவில் முடி சேர்த்ததற்குக் காரணம் என் சேனல். 'பத்து நிமிஷம் போதும்' என்று பெயர். வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது, முகத்துக்கு என்ன பூசுவது, காலையில் எழுந்ததும் என்ன செய்வது, மனத்தை எப்படி நிறுத்துவது என்று யோசனை சொல்லும் சேனல். முகம் காட்ட மாட்டேன், கையும் குரலும் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. 'முடி கொட்டுதா?' என்று கேட்டுவிட்டு ஒரு கொத்து முடியைக் கையில் தூக்கிக் காட்டினால்தான் பெண்கள் நின்று பார்க்கிறார்கள். இது தொழில் ரகசியம்.

இந்தச் சேனல் விஷயம் அத்தைக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். உதயன்தான் கையைப் பிடித்தான்.

"அம்மாவுக்கு போன்ல படம் புடிக்கிறதே ஆகாது. எங்க சித்தி பொண்ணு போட்டோவ எவனோ எடுத்து இன்னா இன்னாவோ பண்ணி வுட்டான். அதுலேந்து ஒரே பயம். நேரம் பாத்து நானே சொல்றேன், நீ வாயத் தொறக்காத."

அவனுக்கு அந்த நேரம் வரவே இல்லை. என் புருஷன் தறியில் கெட்டிக்காரன், அம்மாவிடம் பேசுவதில் சுத்த பயந்தாங்கொள்ளி.

இன்னொரு சிக்கல் சத்தம். எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே தறி ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டில் நின்றால் இன்னொரு வீட்டில் தொடரும். அது மைக்கில் விழுந்தால், 'அக்கா, பின்னாடி யாரு சுத்தியால அடிக்கிறது?' என்று கமெண்ட் வரும். ராத்திரியில் சத்தம் அடங்கும், ஆனால் பகல் வெளிச்சம் இல்லாமல் முகப்பூச்சின் நிறம் கேமராவில் எடுபடாது. அமாவாசை அன்றைக்கு மட்டும் தெருவில் ஒருவரும் தறி மிதிக்க மாட்டார்கள். இந்த வீட்டுக்கு வந்து முதல் அமாவாசையில் அந்த நிசப்தத்தைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இலவசமாக ஒரு ஸ்டுடியோ கிடைத்தால் யாருக்குத்தான் வராது!

அன்றைக்கு அத்தை படையல் போட்டு, சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். உதயன் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கூட்டாளிகளையும் பார்த்துவிட்டு வருவான். நான் அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்வேன். ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே பகலில் எடுத்தாக வேண்டும். எலுமிச்சம்பழம், முட்டை, கஸ்தூரி மஞ்சள், கல்லுப்பு, கற்பூரம் போட்ட எண்ணெய், கொட்டாங்கச்சிக் கரிப்பொடி, டப்பாவில் சேர்த்த முடி என்று தரை முழுக்கச் சாமான் பரவிக் கிடக்கும். வீட்டு வாசனைக்கு என்று பிரியாணி இலையைக் கொளுத்தி ஒரு மூலையில் வைத்திருப்பேன். ஒரு வரி சரியாக வராவிட்டால் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லுவேன், அதுவும் வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தி.

நான் சொல்கிற யோசனைகளுக்கு முதல் சோதனை எலி உதயன்தான். கல்யாணச் சாப்பாட்டில் அவனுக்குத் தொப்பை போட்டிருந்தது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். விடிவதற்குள் எழுப்பி, வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து கொடுத்து நடக்க அனுப்பினேன். தறியில் உட்காரும் முன் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் மௌனம். அப்புறம், தேவையில்லாத பேச்சைக் குறைத்தால் மனம் தெளியும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தேன், அதையும் அவன் பிடித்துக்கொண்டான். நல்ல மாணவன். தொப்பை கரைந்தது, கன்னமும் சேர்ந்து கரைந்தது. அம்மாவோடு வாய் ஓயாமல் பேசி நெய்தவன், வாயைப் பூட்டிக்கொண்டு நெய்தான். எனக்கு ஒரே பெருமை. ஏன்டா சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று அத்தை கேட்டால், "பசி இல்லமா" என்று நழுவிவிடுவான். பொண்டாட்டி சொல்லி டயட்டில் இருக்கிறேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.

இனி அத்தை செய்தவற்றுக்கு வருகிறேன்.

நான் ரசம் வைத்தால், முதலில் ஒரு பிடி சோற்றில் அதை விட்டுப் பிசைந்து மாடிச் சுவரில் காக்கைக்கு வைப்பார். அமாவாசைக்கு வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. செவ்வாயும் புதனும் யார் வைப்பார்கள்? வைத்துவிட்டுக் கீழே இறங்கவும் மாட்டார். காக்கை தின்று, பறந்து, எதிர்வீட்டு டிஷ் மேல் நல்லபடியாக உட்காரும் வரை கண் கொட்டாமல் பார்ப்பார். அப்புறம்தான் தன் தட்டில் கை வைப்பார். காக்கையிடம் இவருக்கு என்ன வேலை என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏதோ சொல்லி அனுப்புகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

அறை மூலையில் ஈரம் இழுக்கட்டும் என்று கல்லுப்பை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். மறுநாள் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது, அந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்த கறை. இன்னொரு நாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தோடு ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. நாலாகக் கீறி உள்ளே குங்குமம் வைத்திருந்தது. உதயன் படுக்கிற பக்கம் பார்த்துச் சரியாக வைத்திருந்தார்கள். பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கத்தான் இது என்று எனக்குப் பளிச்சென்று பட்டது.

தறிச் சட்டத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தகடு புதிதாகத் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்க்கப் போனேன்.

"தறிகிட்ட வராதமா," என்று அத்தை ஓடி வந்தார். "பாவு நூல்ல கை படக் கூடாது. நீ அந்தாண்ட போ."

போன மாதம் வரை அந்தத் தறி ஓரம் உட்கார்ந்துதான் நான் வெங்காயம் உரிப்பேன்.

தெருவும் மாறியிருந்தது. குழாயடிக்குக் குடத்தோடு போனால் பேச்சு சட்டென்று நிற்கும். பக்கத்து வீட்டுக் காவேரி அக்கா, முன்பெல்லாம் கன்னத்தைக் கிள்ளிப் பேசுகிறவர், என்னைக் கண்டதும் தன் பேத்தியை, "உள்ள போடி" என்று விரட்டினார். மாமியார் என்னைப் பற்றித் தெரு முழுக்க என்னவோ சொல்லி வைத்திருக்கிறார், அது மட்டும் நிச்சயம்.

உதயனிடம் சொன்னேன்.

"எங்கம்மாவா? சூனியமா? உனக்கு இன்னா ஆச்சு பிரியா? கண்ண மூடிக்கினு பத்து நிமிஷம் உக்காரு. எல்லாம் தெளிஞ்சிடும்."

என் சரக்கை என்னிடமே விற்றான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் இனி ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூடப் பயமாக இருக்கிறது, தாமலுக்குப் போய்விடுவது. உதயன் வந்தால் வரட்டும், வராவிட்டால் அம்மாவோடேயே நெய்யட்டும். ஆனால் சும்மா போய் நின்றால், "நீயா தேடிக்கினது தானே" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கையில் ஆதாரம் வேண்டும். படம் பிடிப்பதுதானே எனக்குத் தெரிந்த வேலை!

அமாவாசை வந்தது. பையில் துணியை அடுக்கிக் கட்டில் மேல் தயாராக வைத்தேன். உதயன் கோயிலுக்குக் கிளம்பினான். அத்தை பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, போனை ரெக்கார்டிங்கில் போட்டு, கூடத்து நூல் கூடைக்குள் எங்கள் அறைக் கதவைப் பார்க்கிற மாதிரி செருகினேன். அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று வழக்கம்போல் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். கரிப்பொடியில் தயிரும் அரிசி மாவும் போட்டுக் குழைத்தேன். எதிரே கேமரா இல்லாமலே, "இத மூஞ்சில பூசி, நல்லா காய விடுங்க" என்று பழைய வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே குசுகுசுவென்று பேச்சுக் குரல் கேட்டது. வெகுநேரம் கழித்து எல்லாம் அடங்கி, கூடம் காலியானதும் மெல்ல வெளியே வந்து போனை எடுத்துக்கொண்டு திரும்பவும் தாழ் போட்டேன்.

படத்தில் முதலில் வெறும் கதவு. பிறகு அத்தை வந்தார். கதவில் காதை வைத்தார். என் குரல் மங்கலாக முணுமுணுத்தது. அவர் முகம் கோணியது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துகொண்டார். காவேரி அக்கா வாசல் பக்கமிருந்து பூனை மாதிரி வந்தார்.

"இன்னிக்கும் சாத்திக்கினாளா?"

"சாப்புட்டதும் போனவதான்."

"கேளு, கேளு. ஒரே வார்த்தைய எத்தினி தடவ சொல்றா பாரு. ஜபம்தான் மங்க, சந்தேகமே வாணாம். கரி, முட்ட, எலுமிச்சம்பழம், உப்பு. போதாததுக்குத் தலமுடி வேற சேத்து வெக்கிறா. அமாவாசைக்கு அமாவாச இத்தையெல்லாம் வெச்சிக்கினு குடும்பப் பொம்பள இன்னா பண்ணுவா சொல்லு?"

நான் பாஸ் பட்டனை அழுத்திவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். முதல் தடவையாக அந்தத் தரையை இன்னொருத்தர் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சூனியக்காரி நான்தானாம்! சிரிப்பு அடங்குவதற்குள் கோபம் வந்தது. இத்தனை நாள் இந்தப் பெயரோடுதான் நான் அந்தக் குழாயடிக்குப் போய் வந்திருக்கிறேன். மறுபடியும் ஓட விட்டேன்.

"புள்ள துரும்பா எளச்சிட்டான்டி காவேரி," என்றார் படத்தில் அத்தை. "சோறு எறங்கல. வெடியறதுக்குள்ள எழுந்து எங்கியோ போறான். வந்தா சொவத்தப் பாத்து கண்ண மூடிக்கினு குந்திக்கிறான். பக்கத்துலயே உக்காந்து நாடா தள்றேன், ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறான். நான் பெத்த புள்ளதானான்னு இருக்குது."

"அதான் வாலாஜாபாத்காரர வரச் சொல்லிக்கிறமே. சாயங்காலம் வந்துடுவாரு. வெச்சவ மேலயே திருப்பி வுட்டார்னா, தாங்க மாட்டா, ஓடிடுவா."

"ஐயோ வாணாம்டி. அவருகிட்ட அப்பவே சொல்லிட்டேன். திருப்பிலாம் வுடவே கூடாது. எம் புள்ள மேல இருந்து எறங்குனா போதும். அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதான. புது எடம், பயந்துக்கினு பண்றாளோ இன்னாவோ. அவளும் நல்லா இருக்கட்டும்."

அந்த இடத்தில் என் கோபத்துக்குக் கால் உடைந்து போனது. நான் அவர் பிள்ளையைக் கொல்கிறேன் என்று நம்புகிற நேரத்தில்கூட, எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி நான் அப்படி ஒரு வார்த்தை நினைத்தேனா?

கதவைத் திறந்தேன். காவேரி அக்கா போயிருந்தார். அத்தை மட்டும் திரும்பி வந்து கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு அடி பின்னால் போனார்.

"நான் சூனியக்காரியா அத்த?"

"யாரு... யாருமா சொன்னது?"

போனை நீட்டினேன். தன் குரலைத் தானே கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒளிந்து படம் பிடித்ததற்கு நானும் வெட்கப்பட்டேன், ஆனால் அப்போது அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சேனலைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற கை, முட்டையை அடிக்கிற கை, முடியைத் தூக்கிக் காட்டுகிற கை. கையில் கல்யாணத்துக்கு அவர் போட்ட வளையல்.

"இது உன் கைதான?"

"ஆமா."

"இத்த யாரு பாக்கறாங்க?"

"ஊர் ஜனங்க. எல்லா ஊர்லயும் இருக்காங்க அத்த."

ராத்திரிச் சோற்றை நிறுத்துவது பற்றிய வீடியோ வந்தது. அடுத்து காலை மௌனம். அவர் போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

"இதத்தான் அவனுக்கும் சொன்னியா?"

"ஆமா அத்த. தொப்ப போட்டுதேன்னு."

"அப்ப அவன் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருக்காரு."

அவர் தறிப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போனை என் மேல் எறிந்தார்.

"ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது. ஒரே ஊட்டுல இருக்கிறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியலியா உனக்கு?"

"காவேரிக்கா கிட்டலாம் சொன்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

'சந்தேகமா? மனசுல வெச்சுக்காதீங்க, நேரா கேட்டுடுங்க' என்று போன மாதம்தான் ஒரு வீடியோ போட்டிருந்தேன். கமெண்டில் இதயம் இதயமாகக் குவிந்திருந்தது. எனக்கு அதை நினைக்கவே கூசியது.

"நானும் உங்களத்தான் அத்த சந்தேகப்பட்டேன்," என்றேன். "முடிய எடுத்துக்கினு போனீங்க, கட்டிலுக்கு அடியில பழம் வெச்சீங்க. எனக்கு நீங்க வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நானா? உனக்கா?" அவருக்கு உண்மையாகவே வலித்துவிட்டது. "அந்த முடிய வெச்சி அவனுக்கு எதனா பண்ணிடப் போறியேன்னு எடுத்தேன். பழம் அவனுக்குக் காப்பு. உனக்கு நான் ஏம்மா வெக்கப் போறேன்?"

அந்த நேரம் பார்த்து உதயன் விபூதிப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தான். எங்கள் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அம்மா, நானே சொல்லலாம்னுதான்..."

"அப்படியே குந்துடா. உனக்கு அப்பால இருக்குது," என்றார் அத்தை. "மொதல்ல அந்த வாலாஜாபாத்து மந்திரவாதிக்கு போன் போட்டு வர வாணாம்னு சொல்லு."

திறந்திருந்த அறைக் கதவு வழியாக அவர் பார்வை கட்டில் மேல் போனது.

"அந்தப் பை எதுக்கு?"

"தாமலுக்குப் போறேன்."

"அதான் எல்லாம் தெரிஞ்சி போச்சே. இன்னும் எதுக்குப் போவணும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிது அத்த. தெருவுக்கு?" வாசல் பக்கம் கையைக் காட்டினேன். "நாளைக்குக் குடத்தத் தூக்கிக்கினு போனா மறுபடியும் பேச்ச நிறுத்துவாங்க. புள்ளைங்கள உள்ள வெரட்டுவாங்க. நாளைக்கு எனக்கு ஒரு கொழந்த பொறந்தா அதையும் அப்படித்தான் பாப்பாங்க. எப்படி இருப்பேன் நானு? நீங்க ஒவ்வொரு ஊடா போயி, 'இல்ல, அவ நல்லவ'ன்னு சொன்னா நம்பிடுவாங்களா? மருமவ மாமியா வாயக் கட்டிட்டான்னு அதுக்கும் ஒரு கத சொல்லுவாங்க."

அது அவருக்கும் தெரியும். அந்தத் தெருவில்தான் அவர் பிறந்து, அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். எழுந்து எங்கள் அறைக்குள் போனார். நான் அந்த வீட்டுக்கு வந்து அமாவாசை அன்றைக்கு அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தரையில் பரவிக் கிடந்ததை எல்லாம் தாண்டித் தாண்டி நடந்து, குழைத்து வைத்திருந்த கிண்ணத்தின் முன்னால் நின்றார்.

"இது இன்னா?"

"கொட்டாங்கச்சிக் கரி, தயிரு, அரிசி மாவு. மூஞ்சில பூசறது."

"பூசினா?"

"அழுக்கு போவும்."

குனிந்து கிண்ணத்தை எடுத்தார். என் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தார். உதயன், "அம்மா, இன்னாமா?" என்று பின்னாலேயே வந்தான். தறி ஓடாத நாள், எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அத்தை வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"காவேரி! எல்லம்மா! எல்லாரும் வெளிய வாங்கடி!" அந்தத் தெருவில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. "எம் மருமவ கதவ சாத்திக்கினு இன்னா பண்றானு பாக்கணும்னீங்களே! வந்து பாருங்க! எதுக்க வெச்சே பண்றா!"

கதவுகள் திறந்தன. பெண்கள் வந்தார்கள், ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். யாரும் எங்கள் வாசலுக்குக் கிட்டே வரவில்லை. அத்தை கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தை நிமிர்த்தினார். நெற்றி விபூதியைத் தானே துடைத்துக்கொண்டார்.

"மங்க! வாணாம்டி, எழுந்துரு!" காவேரி அக்கா பக்கத்து வாசலிலிருந்து பதறினார். "அத்தப் போய் மூஞ்சில... உனக்குப் பயமா இல்ல?"

அத்தை என்னைப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குக் கிட்டத்தில் தெரிந்தது. இவ்வளவு கேட்டும், இவ்வளவு பார்த்தும், அந்தக் கறுப்பைக் கண்டு அவர் உடம்பு நடுங்குவதை நிறுத்தவில்லை.

"பயமாத்தான்டி இருக்குது," என்று தெருவுக்குக் கேட்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நீ பூசுமா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே நெற்றியிலிருந்து பூச ஆரம்பித்தேன்.